வீட்டில் வைக்காத பதிவேடு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் கிழக்கு மூலை ஆண்டவருக்கு. இருப்பது ஒரே அறை. நாங்கள் நாலு பேரும் அதில்தான் படுத்தோம், பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். ஆனாலும் அந்த மூலைச் சுவரில் அடித்த பலகைக்குக் கீழே யாரும் கால் நீட்டிப் படுக்கமாட்டோம். மாதா படம், சிலுவை, செபமாலை, இவ்வளவுதான் அந்தப் பலகையில் இருக்கலாம். ஒருமுறை சின்ன மகள் தலை சீவிய சீப்பை அதில் வைத்துவிட்டாள் என்று என் மனைவி பலகையையே கழற்றிக் கழுவிப் போட்டாள். சாமி பொருள் வேறு, வீட்டுப் பொருள் வேறு. இதை எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நான் பிறந்த காம்பராவிலும் இப்படித்தான் இருந்தது.

கம்ப்யூட்டருக்குள்ளும் நான் இதே முறையைத்தான் பார்த்தேன். அதனால் எங்கள் தோட்டத்து டிவிஷனில் ஒரு மனுஷிக்குக் கிடைக்க வேண்டிய வீடு கிடைக்காமல் போய்விட்டது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தேயிலை பக்டரியில் ரோலர் பக்கம் வேலை செய்கிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தோட்டத்து மாதா கோயிலுக்கு உபதேசியாராகவும் இருக்கிறேன். பாதர் டவுனிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசைக்கு மேலே வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது, சாவு வீட்டுக்குப் போவது, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் விவரத்தை எழுதி வைப்பது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு முன்னால் இருந்த உபதேசிமார் எழுதி வைத்த மூன்று தடித்த நோட்டுகள் கோயில் அலுமாரியில் இருந்தன. அவற்றைப் பார்த்து டவுன் கோயிலின் பெரிய புத்தகத்தில் பாதர்மார் எழுதிக்கொள்வது வழக்கம். ஆனால் பாதர்மார் போதாமலும், பாதை உடைந்தும், மாதக்கணக்கில் யாரும் மேலே வராத சில வருஷங்கள் உண்டு. அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அவசரத்துக்கு உபதேசியாரே தண்ணீர் ஊற்றி, நோட்டில் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் பெயர் அந்த நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் பிறப்பைப் பதியாமல் விட்ட பழைய ஆட்கள் நிறையப் பேர். வயதான பிறகு அடையாள அட்டைக்கோ வேறொன்றுக்கோ போய் நிற்கும்போதுதான் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள். நோட்டைப் பார்த்து நான் எழுதிக் கொடுப்பேன், பாதர் ஒத்துப் பார்த்து சீல் வைப்பார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்ப் பத்திரம் எடுத்துவிடுவார்கள். அதனால் அந்த நோட்டுகள் எனக்கு ஏறக்குறைய வேதப்புத்தகம் மாதிரி.

ஒரு மழைக்காலத்தில் கோயில் தகரம் ஒழுகி அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நோட்டுகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. பக்கத்தைப் பிரித்தால் பாதி எழுத்து மற்றப் பக்கத்தோடு போய்விடும் நிலை. அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் கோயிலுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தது. கோயில் ஒழுகியதால் அதை எங்கள் காம்பராவில்தான் வைத்தோம். கொழும்பில் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்யும் என் பெரிய மகள் வந்து அதில் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டுத் தந்தாள். ஞானஸ்நானப் பதிவுக்கென்று சின்னதாக ஒரு புரோகிராமும் அவளே எழுதி, மறுபடி வர லீவு கிடைக்காததால் போனில் அனுப்பினாள்.

அதை எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவள் சொன்னதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. யூஎஸ்ஆர் என்று ஓர் அடுக்கு. அது சிஸ்டத்துக்குச் சொந்தம். அங்கே சிஸ்டமே வைக்கும், சிஸ்டமே எடுக்கும். நாமாகக் கொண்டுவந்து போடுகிற புரோகிராம் ஒப்ட் என்ற அடுக்கில் தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யூஎஸ்ஆருக்குள்ளேயே லோக்கல் என்று ஒரு பிரிவு விட்டிருக்கிறார்கள், அதில் போடலாம், அதைச் சிஸ்டம் தொடாது. நாம் எழுதுகிற விவரம் மட்டும் ஹோம் என்கிற அடுக்கில், நம் பெயர் போட்ட போல்டரில் இருக்க வேண்டும்.

நான் விளங்காமல் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு மகள் சிரித்தாள்.

"யூஎஸ்ஆர தொரை பங்களா மாதிரி நெனச்சுக்கோங்கப்பா. நம்ம அலுமாரிய அங்க கொண்டுபோய் வைப்போமா? புதுத் தொரை வந்தா வெளிய தூக்கிப் போட்டுருவாரு."

நானும் சிரித்தேன். நல்லா வெளங்கிருச்சும்மா என்று சொல்லி போனை வைத்தேன்.

பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தேன். ஹோமில் என் பெயர் போட்ட போல்டருக்குள் சின்ன மகளின் கல்யாண வீடியோ இருந்தது. அதில் வரும் சினிமாப் பாட்டுகள், மருமகன் போட்டு வைத்த கிரிக்கெட் படங்கள், நான் இடுப்பில் சாரத்தோடு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு போட்டோ. இவற்றுக்கு நடுவில் ஞானஸ்நானப் பதிவேட்டை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒப்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, ஆள் காலி பண்ணிப் போன காம்பரா மாதிரி கிடந்தது. யூஎஸ்ஆர்தான் நிறைந்து, ஒழுங்காக, அடுக்கடுக்காக இருந்தது. அங்கே ஒரு துரும்பை வைக்கவும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. கண்டவன் நுழைய முடியாது. கோயிலில் பூசைச் சாமான் இருக்கும் திருப்பண்ட அறையை நாங்கள் பூட்டி வைப்பதுபோல. சாமி பதிவு இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது. மகள் அவசரத்துக்கென்று எழுதித் தந்திருந்த பாஸ்வேர்டை அடித்து, லோக்கல் பிரிவில் கூட இல்லாமல், யூஎஸ்ஆரின் நடு அடுக்கில் புரோகிராமைக் கொண்டுபோய் வைத்தேன். விவரத்தை எங்கே சேமிக்க வேண்டும் என்று புரோகிராம் கேட்டது. அதற்கும் அதே இடத்தைக் காட்டினேன்.

மகளிடம் சொல்லவில்லை. அவள் திட்டுவாள் என்று தெரியும். பொய் சொன்னோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளை, கோயில் ஒழுங்கு அவளுக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் அடித்தேன். பக்டரி வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பாஸ்வேர்டை அடித்து உட்காருவேன். ஒரு விரலால்தான் தட்டுவேன். பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், பிறந்த தேதி, தண்ணீர் ஊற்றிய தேதி. தேதி இல்லாமல் எதையும் அந்தப் புரோகிராம் ஏற்காது, அப்படித்தான் மகள் எழுதியிருந்தாள். பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் சோற்று ஆவியில் காட்டிக் காட்டிப் பிரிப்பாள் என் மனைவி. ஒரு நாள் ஒரு பெண்பிள்ளையின் பதிவில் ஞானத்தாய் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மாவைப் பற்றி எழுத்தில் நான் பார்த்தது அது ஒன்றுதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பிள்ளை யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும். மேல் லயத்தில் தனியாக இருக்கும் அக்கா. நாப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர்.

எல்லாம் அடித்து முடிந்த பிறகு நோட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. தொட்டால் கையில் கறுப்பு மாவாக வந்தது. அலுமாரியில் வைத்தால் பூசைப் புத்தகங்களுக்கும் பரவும். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்க வேண்டும் அல்லது மண்ணுக்குள் வைக்க வேண்டும். உடைந்த மாதா சுருபத்தையும் அறுந்த செபமாலையையும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பாதரைக் கேட்டிருக்க வேண்டும். அந்த மாதம் அவர் வர இரண்டு வாரம் இருந்தது. நான் கேட்கவில்லை. மூன்று நோட்டையும் வெள்ளைத் துணியில் சுற்றி, கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டி வைத்து, ஒரு பரலோக மந்திரமும் சொல்லி மூடினோம். அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் செபம் முடிந்து வந்ததும் ஒரு பென் டிரைவைச் செருகி ஒரு பட்டனை அழுத்துவேன். விவரங்களின் பிரதியை எடுத்து வைக்க மகள் செய்து தந்த ஏற்பாடு அது. ஹோமில் இருப்பதெல்லாம் பென் டிரைவுக்குப் போகும். அதைத் தகர டப்பாவில் போட்டு, எங்கள் காம்பராவில் ஆண்டவர் பலகையில் வைப்பேன். அந்தப் பலகைக்குப் புதிதாக வந்த பொருள் அது ஒன்றுதான். என் மனைவி அதற்கும் சேர்த்துத்தான் பூ வைப்பாள்.

அடுத்த வருஷம் ஒரு பின்னேரம், கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தபோது இடி இடித்து கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். பெட்டியைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். திருத்துகிற கடையில் ஒரு சிங்களத் தம்பி. நல்ல பிள்ளை. சிஸ்டத்தைப் புதிதாகப் போட வேண்டும், அப்போது சிஸ்டத்தின் அடுக்குகள் துடைத்துப் போகும், ஹோம், ஒப்ட், லோக்கல் மூன்றையும் தொடமாட்டேன் என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். பிறகு எனக்காகத் தமிழிலும் ஒருதரம் கேட்டார்.

"அங்கிள்ட சாமான் எல்லாம் ஹோம்ல தானே? வேற எடத்துல ஒண்ணும் வெச்சது இல்ல தானே?"

என்னுடைய சாமான் ஹோமில்தான் இருந்தது. கல்யாண வீடியோ, பாட்டு, போட்டோ. பதிவேடு என் சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது கோயிலுடையது. அது மேலே பத்திரமான இடத்தில் இருக்கிறது. ஹோம்லதான் என்று தலையாட்டினேன். அவர் வேலையைத் தொடங்கினார். நான் எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்தபோது கல்யாண வீடியோ அப்படியே ஓடியது. கிரிக்கெட் படங்கள் இருந்தன. புரோகிராமைக் காணவில்லை. பாஸ்வேர்ட் அடித்து யூஎஸ்ஆருக்குள் போனேன். எல்லாம் புதிதாக, ஒழுங்காக, அடுக்கடுக்காக இருந்தது. நான் வைத்தது மட்டும் இல்லை. ஓடிப்போய்ப் பலகையிலிருந்து தகர டப்பாவை எடுத்தேன். பென் டிரைவைத் திறந்தால் சினிமாப் பாட்டு. ஒரு வருஷம் நாங்கள் பூ வைத்தது சினிமாப் பாட்டுக்கு.

மகளுக்கு எடுத்தேன். அவள் முதலில் பதறவில்லை, எங்காவது இருக்கும் என்றாள்.

"எங்கப்பா வச்சீங்க?"

"யூஎஸ்ஆர்லம்மா."

"லோக்கல்லயா?"

"இல்ல. உள்ள."

"நான் சொன்னேனேப்பா."

"சாமி பதிவும்மா. வீட்டுச் சாமானோட வைக்க மனசு வரல."

"அது சும்மா ஒரு பேருதானேப்பா," என்றாள். அவள் அழுகிறாள் என்று விளங்கியது. நோட்டு இருக்குதானே, திரும்ப அடிச்சுக்கலாம் என்று அவளே சமாதானமும் சொன்னாள். நோட்டை என்ன செய்தேன் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. அடுத்த நாள்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் பிடித்து வந்தாள். பெட்டியைக் கழற்றி டிஸ்க்கைக் கொழும்புக்குக் கொண்டுபோனாள். அழிந்ததைத் தேடி எடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். பழைய இடத்தின் மேலேயே புதிய சிஸ்டம் எழுதிவிட்டதால் ஒன்றும் முழுதாக வரவில்லை. பெயர்கள் சில கிடைத்தன, தகப்பன் இல்லாமல், தேதி இல்லாமல், மாலையிலிருந்து கொட்டிய மணி மாதிரி. என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை அவள். பேசியிருக்கலாம்.

ஆறேழு வாரம் கழித்து மேல் லயத்து அக்கா வந்தார். புது வீட்டுத் திட்டத்தில் எங்கள் டிவிஷனுக்கு வீடுகள் ஒதுக்கியிருந்தார்கள். ஏழு பேர்ச் காணியும் வீடும், சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரத்தோடு. அக்காவின் காம்பரா லயத்தின் கடைசி, மண் சரிவுப் பக்கம். மழை பெய்தால் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது, ஆனால் அடையாள அட்டை இல்லை. கொழுந்தெடுக்கத் செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் பெயர் இருந்தால் போதும், அதனால் வாழ்நாள் முழுக்க அவர் அட்டை எடுக்கவில்லை. அட்டைக்குப் பிறப்பு அத்தாட்சி வேண்டும், அதற்கு ஞானஸ்நானக் கடிதம் வேண்டும். பட்டியல் மூடுவதற்குள் அட்டையோடு கந்தோருக்கு வந்து அதிகாரியிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒங்கம்மாதான் எனக்கு ஞானத்தாயி, நோட்டுல இருக்குன்னு ஒங்க வீட்டம்மா சொல்லிச்சு," என்றார். சிரித்த முகமாகத்தான் வந்தார்.

நடந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் அடுக்குகள் அவருக்கு விளங்கவில்லை. வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டேன், துடைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அது விளங்கியது. போன வருஷம் லயத்துக்குக் கூரை மாற்ற வந்தவர்கள், அவர் சமைக்கவென்று தகரம் அடித்து இறக்கியிருந்த குசினியை உடைத்துப் போட்டிருந்தார்கள். கம்பெனி கட்டிடத்தோடு ஒட்டிக் கட்டியது உன் தப்பு என்றார்களாம்.

"அப்ப நோட்டு?" என்றார்.

அன்றைக்கே மண் கிளறுகிற முள்ளை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் அக்காவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. முட்டியளவு தோண்டியதும் துணியின் ஒரு கிழிசல் வந்தது. அதற்குக் கீழே காகிதம் இல்லை. வேர்தான் இருந்தது, நோட்டை உள்ளே இழுத்துப் பின்னிய வேர். தைத்த நூலும் அட்டையின் சிவப்புத் துணியும் மட்டும் தனியாக வந்தன. மற்றதெல்லாம் ஊறின தேயிலைத் தூசி மாதிரி. அக்கா ஒரு பிடி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழிக்குள்ளேயே திரும்பப் போட்டு, சேலையில் கையைத் துடைத்தார்.

டவுனுக்குப் போய்ப் பாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய புத்தகத்தைத் தேடினார். அக்கா பிறந்திருக்கக்கூடிய வருஷங்களில் எங்கள் தோட்டமே இல்லை. நோட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார், என்னை ஏன் கேக்கல என்று. கண்ணால் பார்க்காததற்கு என்னால் சீல் வைக்க முடியாது, நீங்கள் பார்த்தது தேதியோடு நினைவிருந்தால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் கடிதத்தோடு நானும் எழுதுகிறேன் என்றார்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கையெழுத்து, நீல மை, அம்மாவின் பெயர், பக்கத்தின் ஓரத்தில் சோற்று ஆவி பட்ட கறை. தேதி மட்டும் இல்லை. மாதமும் வருஷமும்கூட இல்லை. என் கையால் ஒவ்வொரு எண்ணாக அடித்த தேதி. அம்மாவின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றதைப் பார்க்காமலே அடித்திருக்கிறேன். அக்கா பிறந்ததை அறிந்த மூத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அக்காவுக்கும் தெரியாது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டின வருஷம் என்று அவர் அம்மா சொல்வாராம், அவ்வளவுதான்.

பட்டியல் மூட நாலு நாள் இருக்கும்போது, செபம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா கடைசி வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

"ஒரு தேதிய போட்டு எழுதிக் குடுங்க உபதேசியாரே. நான் பொறந்தது நெசந்தானே?"

"தேதி தெரியாதே அக்கா."

"எனக்கும் தெரியாது. யாருக்கு நட்டம்?"

"கர்த்தருக்கு முன்னால கையெழுத்து வைக்கணும். பொய்ச்சாட்சி சொல்ல முடியாதுக்கா."

அக்கா பீடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவருக்கு என் பேரும் தெரியும், நான் பொறந்த நாளும் தெரியும். ஆனா அவரு கந்தோருக்கு வந்து சொல்ல மாட்டாரே. நோட்டப் பொதைக்கையில யாரையும் கேக்கல நீங்க. இப்ப மட்டும் அவரக் கேக்குறீங்க."

எழுந்து, முழங்கால் மடித்து வணங்கி, வெளியே போனார். நான் கூப்பிடவில்லை.

அந்த நாலு நாளும் பேனையும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவாள். நாலாவது நாள் மட்டும், "ஒங்களுக்கு ஒங்க ஆத்துமா பெருசா போச்சு" என்றாள். நான் எழுதவில்லை. பொய்ச்சாட்சிக்குப் பயந்தேனா, அல்லது திரும்பவும் ஒரு தப்புக்கு என் கையெழுத்து இருக்கக் கூடாது என்று ஒளிந்துகொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆண்டவரிடம் கேட்டேன். இன்றுவரை கேட்கிறேன். செபமாலையில் மணி நகர்கிறது, மனசு நகரவில்லை.

வீடு அடுத்த பெயருக்குப் போனது. அக்கா கடைசிக் காம்பராவில்தான் இருக்கிறார். ஞாயிறுகளில் வருகிறார், அதே வாங்கில் உட்காருகிறார். என்னை உபதேசியாரே என்றுதான் கூப்பிடுகிறார். மழை வலுத்தால் நான் மேல் லயத்தைப் பார்த்துக்கொண்டு இஸ்தோப்பில் நிற்பேன்.

மகள் புரோகிராமைத் திரும்பவும் போட்டுத் தந்தாள், இந்த முறை அவள் கையால், ஒப்டில். விவரங்கள் ஹோமில், என் பெயர் போட்ட போல்டரில், கல்யாண வீடியோவுக்கும் சாரம் கட்டிய போட்டோவுக்கும் நடுவில். லயம் லயமாகப் போய், ஆட்களுக்கு நினைவிருப்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு பத்திரமாவது இருக்கிறது, அவற்றைப் பார்த்து அடிக்கிறேன்.

அக்காவின் பெயரையும் அடித்தேன். தகப்பன், தாய் அடித்தேன். ஞானத்தாய் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயரை அடித்தேன். தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமிக்கப் பார்த்தால், புரோகிராம் ஏற்கவில்லை, தேதியைக் கேட்டது. மகளிடம் சொன்னால் மாற்றித் தருவாள். இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதைத் திறந்து அந்த நாலு பெயரையும் அடிக்கிறேன். அது தேதியைக் கேட்கிறது. மூடிவிடுகிறேன்.